நல்ல தண்ணிக் கிணறும் என் கறுப்புக் காரும்

கறுப்புக் கார் வாங்க வேண்டாம் என்று என் மனைவி அனுஜா தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். "மன்னாருக்கு வெள்ளைதான் சரி. இந்தப் புழுதிக்கை கறுப்பை வைச்சுக்கொண்டு மாரடிக்கப் போறியள்" என்றாள். நான் கேட்கவில்லை. கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓடுகிற ஹயருக்குக் கறுப்புத்தான் எடுப்பு என்பது என் எண்ணம். வாங்கி நாலு மாதத்துக்குள் அவள் சொன்னது சரியென்று ஆகிவிட்டது. இன்றுவரை அதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு. சண்டை முடிந்து மூன்று வருடம். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து சனம் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டவெளிக் கிராமத்தில் பற்றை மண்டிக் கிடந்த ஒரு காணியில் திடீரென்று புகை எழும்பினால், ஆரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படித்தான் இராசேந்திரம் அண்ணை வந்து சேர்ந்தார். தொண்ணூறில் படகேறிய மனிதர், இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு பையோடு தனியாக வந்து நின்றார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மனைவி புஸ்பம் அக்கா முகாமிலேயே, கலியாணம் முடித்த மகளோடு நின்றுவிட்டார்.

அக்கா வராததற்குக் காரணம் பயமோ கோபமோ இல்லை, தண்ணீர். முகாமில் ஒரு குடம் தண்ணீருக்கு நாள்தோறும் வரிசையில் நின்று அவருக்கு அலுத்துவிட்டது. "இருபத்திரண்டு வருசம் குடத்தோடை நிண்டிட்டன். அங்கையும் வந்து வரிசையிலை நிக்கேலாது. உங்கடை கிணத்திலை நல்ல தண்ணி இருந்தால் சொல்லுங்கோ, வாறன். இல்லாட்டி நீங்கள் அங்கை, நான் இங்கை" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டாராம். இதை அண்ணை எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு அதில் கவலையே இல்லை. முகாமில் தன் கிணற்றைப் பற்றி அவர் பேசாத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், அங்கே அவருக்குக் 'கிணறு' என்றே பட்டம் வைத்திருந்தார்கள்.

வந்ததும் வீட்டுக்குக் கூரை போடவில்லை, கிணற்றைத்தான் இறைத்தார். மூன்று நாள் இறைத்து, சேறு அள்ளி, ஊற்று வந்ததும் ஒரு வாளி மொண்டு குடித்தார். அந்த இடத்திலேயே நின்று முகாமுக்குப் போன் எடுத்து, "புஸ்பம், தேன்! அதே தண்ணி!" என்று கத்தினாராம். அக்கா அங்கே திரும்பி வருவதற்கான பத்திரங்களுக்கு எழுதிப் போட்டார். அலுவல் முடிய ஏழெட்டு மாதம் ஆகும் என்றார்கள்.

அதுவரைக்கும் சும்மா இருக்க அண்ணையால் முடியாது. முகாமுக்குப் பக்கத்து ஊரில் பதினைந்து வருடம் கார் கழுவும் கொட்டகையில் வேலை செய்தவர் அவர். வேப்பமரத்துக்குக் கீழே நாலு தகரம் நட்டு, 'வாட்டர் வாஷ்' என்று பலகை தொங்கவிட்டார். தண்ணியால் கழுவாமல் பின்னை என்னத்தால் கழுவுகிறதாம் என்று சந்தியில் எல்லாரும் சிரித்தோம். அங்கே அப்படித்தான் எழுதுவார்களாம்.

சிரித்த வாயால் சொல்கிறேன், அவரைப் போலக் கார் கழுவ இந்த மன்னார்த் தீவில் ஆளில்லை. முதலில் ரயர் நாலும். பிறகு படுத்துக் கிடந்து அடிப்பக்கம். கரைப்பக்கம் ஓடுகிற வாகனத்துக்கு மட்கார்ட்டுக்குள்தான் முதலில் துருப்பிடித்துக் கறளேறும் என்று விரல் விட்டு மணலைத் தோண்டி எடுப்பார். அதற்குப் பிறகுதான் மேலே வருவார். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவார். கீழே துடைத்த துணி மறுபடி மேலே போகாது. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகளை ஈர்க்கால் குத்தித் திறந்துவிடுவார். அவை இருப்பதே எனக்குத் தெரியாது. கடைசியில் பொனற்றைத் திறந்து ஒயில் கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்ப்பார். பற்றறிக்குக் கடைத் தண்ணிதான் விட வேண்டும் என்பார். றேடியேற்றருக்கு மட்டும் தன் கிணற்றுத் தண்ணீர். "தேன் தம்பி, காருக்கும் குடுப்பம்" என்று சிரிப்பார்.

வினை அங்கேதான் இருந்தது. காரைக் கழுவிக் கண்ணாடி போல மினுக்கித் தருவார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வெளியே வந்தால், கார் முழுக்க வெள்ளை படிந்திருக்கும். "காருக்கு ஆர் திருநீறு பூசினது?" என்று அனுஜா கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் காரைத் திருப்பிக்கொண்டு போனேன்.

"அண்ணை, என்ன கழுவல் இது?"

அவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், மணந்தும் பார்த்தார். "விளங்கேல்லையே தம்பி. வெயிலுக்கை காய்ஞ்சதாக்கும்" என்றார். மரத்தடியில் நிழலில் விட்டுத் திரும்பக் கழுவினார். திரும்ப வெள்ளை. சவர்க்காரம் சரியில்லை என்று ஷாம்பு மாற்றினார். வெள்ளை. துணியில் நூல் கழருது என்று புதுத் துணி வாங்கினார். வெள்ளை. பிறகு தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று கடலுப்பைக் கொண்டுவருகிறது என்றார். எனக்கும் அது சரிபோலப் பட்டது. சோளகம் ஓய்ந்தது. வெள்ளை ஓயவில்லை.

ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெல்லக் கேட்டார்: "குறை நினைக்காதையுங்கோ. இது முந்தி வெள்ளைக் காராய் இருந்து, பிறகு கறுப்பு அடிச்சதோ? உள் பெயின்ற் வெளியிலை வருதோ?"

விற்றவன் ஏமாற்றிவிட்டானோ என்று வீட்டுக்குப் போய், டிக்கிக்குள் விரிப்பைக் கிளப்பி, திருகாணியால் சுரண்டிப் பார்த்தேன். அங்கேயும் கறுப்புத்தான். சுரண்டின இடம் மட்டும் மிச்சம்.

"மற்ற ஆக்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே" என்பதுதான் அண்ணையின் கடைசி வாதம். உண்மைதான். ஆனால் அவரிடம் வந்த வான்கள், தொண்டு நிறுவன ஜீப்புகள் எல்லாமே வெள்ளை. வெள்ளையில் வெள்ளை படிந்தால் ஆருக்குத் தெரியும்? இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. முன்னமே உறைத்திருந்தால் ஒரு கலியாணப் பொம்பிளையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

வங்காலைக் கோயிலுக்குப் பொம்பிளையை ஏற்றிக்கொண்டு போன ஹயர் அது. தீவைத் தாண்டுகிற பாலத்தின் நடுவில் காரின் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. அக்கரை போய்ச் சேருவதற்குள் பொனற்றுக்குள்ளிருந்து ஆவி பறந்தது. பொம்பிளையின் தகப்பன் அமிர்தநாயகம் ரோட்டில் நின்று என்னை ஏசிய ஏச்சை எழுத்தில் போட முடியாது. பொம்பிளை கடைசியில் மீன் லொறி ஒன்றில், முன் சீற்றில் ஏறிக் கோயிலுக்குப் போனாள்.

காரை இழுத்துக்கொண்டு தாராபுரம் மீராசாஹிபுவின் கார் திருத்துகிற கராச்சுக்குப் போனேன். அவர் றேடியேற்றர் மூடியைத் திறந்தார். வாய் முழுக்க வெள்ளைக் காறை, சுண்ணாம்பு அப்பினது போல. கொஞ்சம் சுரண்டி எடுத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார்.

"யா அல்லாஹ்! எந்தக் கிணத்துத் தண்ணி இது?"

"இராசேந்திரம் அண்ணையின்ரை. அவர் தேன் எண்டு சொல்லுற தண்ணி."

"விசர்க்கதை கதையாதையுங்கோ. அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பேறி உவராகிப் பத்து வருசத்துக்கு மேலை. ஆர் அதைக் குடிக்கிறது?"

அதுதான் சங்கதி. எங்களுக்கெல்லாம் தெரிந்த விடயம் அது. தோட்டவெளியில் குடிக்கிற தண்ணிக்குச் சந்திப் பைப்புக்குத்தான் போவோம். அண்ணையும் அங்கே பிடிக்கிறார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். எல்லாருக்கும் தெரிந்ததை ஆர் போய் ஒருவருக்குச் சொல்வது? கழுவுகிற தண்ணியைப் பற்றி நானும் யோசிக்கவில்லை. தேன் தேன் என்று அவர் சொல்லிச் சொல்லி, என் மூளையும் அதை நம்பியிருக்க வேண்டும்.

அடுத்தநாள் கார் திருத்தி முடிந்ததும் நேரே அவருடைய கிணற்றடிக்குப் போனேன். ஒரு தகரப் பேணியில் மொண்டு வாயில் விட்டேன். விட்ட வேகத்தில் துப்பினேன். அண்ணை என் கையிலிருந்த பேணியை வாங்கி, மிச்சத்தை மடக்மடக்கென்று குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்தார்.

"ஏன் தம்பி துப்பினனீங்கள்? நல்ல தண்ணிதானே?"

இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாக்குக்கு இது நல்ல தண்ணிதான். அப்படியென்றால் உவர் எது? எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

வாதாடிப் பயனில்லை என்று, சந்திப் பைப்பில் ஒரு போத்தல் பிடித்து வந்தேன். பொனற்றின் வலப்பக்கம் அதை ஊற்றினேன், இடப்பக்கம் கிணற்றுத் தண்ணியை ஊற்றினேன். இரண்டு பேரும் குந்தியிருந்து காயும்வரை பார்த்தோம். வலப்பக்கம் கறுப்பாகக் காய்ந்தது. இடப்பக்கம் மெல்ல மெல்ல வெளுத்தது.

அண்ணை நெடுநேரம் அந்த இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தார், அங்கே ஏதோ ஒட்டியிருப்பது போல.

"அப்ப எனக்கு ஏன் தெரியேல்லை?" என்றார்.

நான் போத்தலை மூடிக்கொண்டு எழும்பினேன்.

"புஸ்பம் நாளண்டைக்கு பிளேன் ஏறுறாள், தம்பி."

"இப்பவே போன் எடுத்துச் சொல்லுங்கோ. ஆளை ஏமாத்தி வரப்பண்ணக் கூடாது."

போன் எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். சாப்பாடு கேட்டார், பேரப்பிள்ளையின் சளித்தடிமன் எப்படி என்று கேட்டார், எத்தனை பை என்று கேட்டார். தண்ணியைப் பற்றி மூச்சு விடவில்லை. "வா, வா. பாத்து வா" என்று வைத்துவிட்டார். எனக்கு ஏறியது கோபம். "நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன். "வந்தாப் பிறகு நானே சொல்லுறன்" என்று காரைத் துடைக்கப் போய்விட்டார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மன்னார் பஸ் நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். கொழும்பு பஸ்ஸிலிருந்து புஸ்பம் அக்கா இறங்கினார். மெலிந்த மனுசி, மூன்று பை. வழியெல்லாம் அண்ணை வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார். அக்கா பனைகளைப் பார்த்தார், ரோட்டில் நின்ற கழுதைகளைப் பார்த்தார். "எல்லாம் வேறை மாதிரிக் கிடக்கு. எது எங்கடை வளைவு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

காரை விட்டு இறங்கியதும் வீட்டுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியை விட்டு இழுத்து, காலைக் கழுவி, முகத்தைக் கழுவி, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். முகம் மலர்ந்தது.

"பொய் சொல்லுறியள் எண்டுதான் நினைச்சன். நல்ல தண்ணிதான்."

நான் இருமினேன். அண்ணை கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, "புஸ்பம், உது உவர்" என்றார். "எனக்கும் தெரியேல்லை. கார் வெளுத்தாப் பிறகுதான் தெரிஞ்சது. ஊரிலை ஒருத்தரும் உதைக் குடிக்கிறேல்லை. எல்லாரும் பைப்பிலைதான்."

பகிடி விடுகிறார் என்று அக்கா சிரித்தார். அண்ணையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். இன்னொரு கை ஏந்திக் குடித்தார். வாய்க்குள் வைத்திருந்து, யோசித்து விழுங்கினார். பிறகு வாளியை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, நீங்கள் இந்த ஊரிலையே இருந்தனீங்கள். நீங்கள் குடிச்சுச் சொல்லுங்கோ."

குடித்தேன். இந்த முறை துப்பவில்லை. பொய் சொல்லத்தான் ஆசையாக இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் அதற்கும் துணிவு வரவில்லை.

"உவர்தான் அக்கா."

அக்கா வாளிக்குள் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் முகாமிலை நாங்கள் குடிச்சது என்ன தண்ணி?"

கேள்வி அத்தோடு நிற்கவில்லை. அவருடைய யோசனை கடல் தாண்டிப் போய்விட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"பிள்ளை அதைத்தானே இப்பவும் குடிக்கிறாள். சின்னனுக்கும் அதிலைதானே பால் கரைக்கிறாள்" என்றார். பிறகு அண்ணையைப் பார்த்து, "போன் எடுத்து அவளையும் வரச் சொல்லுங்கோ" என்றார்.

அண்ணை போனைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். அக்கா சேலைத் தலைப்பால் வாயை அழுத்தித் துடைத்தார்.

"உந்தப் பைப்பிலை எத்தினை மணிக்குத் தண்ணி வரும்?"

"விடிய ஐஞ்சரைக்கு. ஆனால் வரிசை நீளம்" என்றார் அண்ணை, குற்றவாளி போல.

"குடம் ஒண்டு வாங்குங்கோ" என்றார் அக்கா. "நான் நிப்பன்."