ஹாரனுக்குள் கிடந்த பழைய நேரம்

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் ஹாரன் அடிக்கவில்லை என்று போன் வந்தபோது, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் எங்கள் பட்டறையில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். யானையின் நடையை மண்ணின் அதிர்விலிருந்து அறிந்து, விளக்கை எரியவிட்டு ஹாரனை அலறவிடும் பெட்டிகளை நாங்கள் செய்கிறோம். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் என் பொறுப்பு.

அன்று காலை யானை வந்திருக்கிறது. பெட்டி அனுப்பிய கணக்குப்படி விளக்கு எரிந்திருக்கிறது, ஆனால் மூடுபனியில் அதை யாரும் பார்க்கவில்லை. ஹாரன் வாயே திறக்கவில்லை. கொழுந்தெடுக்கப் போன பெண்கள் நேராக யானைக்கு எதிரில் போய் நின்றிருக்கிறார்கள். உயிர் எதுவும் போகவில்லை. ஓடி விழுந்ததில், முன்னால் நடந்த அக்காவுக்கு முழங்கை பிசகிவிட்டது. போனில் பேசியது அவரேதான்.

"பெட்டி வாரதுக்கு முன்னாடி தகரத்தத் தட்டிக்கிட்டேதான் போவோம். ஒங்க பெட்டிய நம்பித்தான் தகரத்த விட்டோம். இப்ப இப்படி ஆயிப்போச்சு. வந்து கழட்டிட்டுப் போயிரு தாயி."

டப்பாவை மூடிவைத்தேன். பெட்டியே இல்லாதிருந்தால் அவர்கள் கவனமாகப் போயிருப்பார்கள். நாங்கள் கொடுத்தது காவல் இல்லை, பொய்யான தைரியம்.

பட்டறை முதலாளி அண்ணா நல்ல மனுஷர்தான், ஆனால் எதற்கும் பதறமாட்டார். "ஹாரன்ல தண்ணி எறங்கியிருக்குங்க அம்மிணி. புதுசு ஒண்ணு மாட்டி உட்ரலாம்" என்றார்.

"மாட்டலாங்கண்ணா. நாளைக்கு அதுவும் அடிக்கலீன்னா? காரணம் தெரியாம நான் எதையும் மாட்ட மாட்டனுங்க" என்றேன். ஒற்றைக்காலில் நின்றேன்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. காலையில் சங்கு ஊதியதும் ஆட்களெல்லாம் களத்தில் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்வது எஸ்டேட் வழக்கம். அதைப் பெரட்டு என்பார்கள். அத்தனை கால்கள் மிதிப்பதில் பெட்டி ஏமாந்து அலறும் என்பதால், பெரட்டு நேரத்தில் மட்டும் சும்மா இரு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தோம். முன்பு பெரட்டு ஏழரைக்கு. பிறகு எஸ்டேட்டில் அதை ஏழாக்கினார்கள். நானும் புரோகிராமில் மாற்றிவிட்டேன். ஆனால் யானை வந்தது ஏழரைக்கு, சரியாகப் பழைய பெரட்டு நேரத்துக்கு.

'இது பெரட்டு நேரமா' என்று பார்க்கும் அந்தச் சின்னஞ்சிறு ஃபங்ஷனை, எல்லா ஃபைல்களும் சேர்த்துக்கொள்ளும் பொதுவான ஹெடரில் இன்லைனாக எழுதியிருந்தோம். விளக்குப் பகுதி முதலில் அதைக் கேட்கும். விளக்கு எரிந்தால்தான் ஹாரன் பகுதிக்கு வேலை வரும். ஹாரனும் தன் பங்குக்கு ஒருமுறை அதையே கேட்கும். பெட்டியில் போன புரோகிராமைப் பிரித்து, அதிலிருக்கும் பெயர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்த ஃபங்ஷனின் பெயர் ஒரே ஒரு தடவைதான் இருந்தது. அதன் உள்ளே போய்ப் பார்த்தால் புது நேரம், ஏழு மணி. எல்லாம் சுத்தம்!

"பாத்தீங்களா, நாஞ்சொல்லல?" என்றார் அண்ணா.

மறுபடி உட்கார்ந்தேன். விளக்கு, ஹாரன் இரண்டுக்கும் கம்பைல் செய்து வைத்திருந்த ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் தனித்தனியாகத் திறந்தேன். விளக்கினுடையதில் அந்தப் பெயர் இருந்தது. ஹாரனுடையதில் பெயரும் இல்லை, அதை வெளியிலிருந்து கேட்கிற குறிப்பும் இல்லை. வெளியே கேட்கவும் இல்லை, சொந்தமாகவும் இல்லை என்றால் பெரட்டு நேரத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது? பெயர்களை விட்டுவிட்டு மெஷின் கட்டளைகளை வரிவரியாகப் படித்தேன். நடுவில் ஏழரை உட்கார்ந்திருந்தது. குழம்பில் கரைத்த புளி மாதிரி, ஃபங்ஷன் முழுவதும் ஹாரனுக்குள்ளேயே கரைந்து கிடந்தது.

நாம் எழுதுவதை மெஷின் கட்டளையாக மாற்றித் தரும் கம்பைலர் செய்ததில் தப்பே இல்லை. இன்லைன் என்று எழுதினால், அதைக் கூப்பிடுகிற இடத்திலேயே உடலை இறக்கிவிடும். இல்லையென்றால் பெயரோடு தனிப் பிரதி வைக்கும். எது வசதியோ அது அதன் இஷ்டம். அப்படி இறக்கிய பிறகு ஹெடரில் நான் எதை மாற்றினாலும், அந்த ஃபைலைத் திரும்பக் கம்பைல் செய்யாதவரை உள்ளே பழசுதான். ஹாரன் ஃபைலை நான் கம்பைல் செய்யவே இல்லை. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போகும்போது தான் எழுதிய மூல வரிகளை, அதாவது சோர்ஸைக் கொடுக்காமல் ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாங்களும் அதை ஒட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அவருக்குப் போன் போட்டேன். "பழைய லேப்டாப்ல இருக்குங்க, தேடிப் பாக்கறேன்" என்றார்.

"நீங்க தேடிட்டே இருங்க. அங்க பொம்பளைக ஆனைக்கு முன்னால போயி நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஹாரன் பகுதியை முதல் வரியிலிருந்து நானே எழுதினேன். அந்த ஃபங்ஷனை ஹெடரிலிருந்து தூக்கி ஒரே ஃபைலில் போட்டு, அதன் பெயரை வெளியே தெரிய வைத்தேன். இனி யாருக்குப் பெரட்டு நேரம் வேண்டுமானாலும் பெயரைச் சொல்லி அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். உள்ளுக்குள் யாரும் பதுக்கி வைக்க முடியாது. கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் வீண் என்றார் அண்ணா. யானைக்கு அது பெரிய நேரமில்லை என்றேன். சிரித்துவிட்டார்.

புது புரோகிராமை ஏற்றிய பெட்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். மறுநாள் காலை ஏழரைக்குக் களம் காலியாக இருந்தது, பனி கண்ணை மறைத்தது. அக்கா கையில் கட்டோடு வந்து நின்றார்.

"இத மாட்டுனா அடிக்குமா?"

"அடிக்கும்க்கா."

"அப்ப நீ முன்னால நட."

பெட்டியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தேன். கம்பத்தைத் தாண்டியதும், கொண்டுபோயிருந்த மரக் கட்டையை யானை நடக்கிற மாதிரி ஓங்கி ஓங்கி மண்ணில் இடித்தேன். ஹாரன் மலையே அதிர அலறியது. பின்னால் வந்த பெண்கள், சோதனை என்று தெரிந்தும் சிதறி ஓடினார்கள். "ஏ ஆத்தி, ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு!" என்று அக்கா ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. "கட்டைக்கு அடிச்சிருச்சு. ஆனைக்கு அடிக்கட்டும், பாப்போம்" என்றார். தகரத்தை விடாதீர்கள், இரண்டும் இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டு இறங்கினேன்.

சில வாரம் கழித்து, பட்டறையைத் திறந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"பிள்ள, பெட்டி கத்துச்சு. அப்படியே நின்னுட்டோம். ஆன குட்டியோட வந்துச்சு. எங்களுக்கு முன்னாலதான் தாண்டிப் போச்சு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேக்கா?"

"ஒண்ணும் ஆகல. கொழுந்தெடுக்கப் போவணும், போன வையி."

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். கீழேயிருந்து ஏறி வந்த அண்ணா பதறிப்போய், "ஏனுங்க அம்மிணி, என்ன ஆச்சு?" என்றார்.

"ஹாரன் அடிச்சிருச்சுங்கண்ணா" என்றேன்.