விருந்தாளியின் எடை

அந்தத் தராசு ஒரு கோழிப்பண்ணையிலிருந்து வந்தது. கறிக்கோழிகளைக் கூடையோடு தூக்கி வைத்து எடை போடும் மின்தராசு. நாமக்கல் பக்கத்தில் துல்லியமாக எடை காட்டும் கருவி வேண்டுமென்றால் பண்ணைக்காரரைத்தான் கேட்பார்கள். ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. அதன்மேல் என் அக்கா ஏறி நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது, கண்ணில் மட்டும் குறும்பு குறையவில்லை. எடை சரியாக இருந்தது. அடுத்து ஏறிய பெண், முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பிட்டவள்.

எங்கள் பக்கத்தில் நடந்த முதல் எம்.எம்.ஏ. போட்டி அது. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரண்டு கழுத்தை இறுக்கலாம். தாங்க முடியாதவர் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. அக்கா கல்லூரியில் ஜூடோ பழகி, பிறகு திருச்செங்கோட்டில் ஒரு மாஸ்டரிடம் இதைக் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் எடைப் பிரிவில் பெயர் கொடுத்திருந்த பெண்கள் இரண்டே பேர். ஜெயிப்பவளுக்குப் பெங்களூரில் ஒரு பயிற்சிக்கூடத்தில் இடம் என்று சொல்லியிருந்தார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் விசைத்தறிப் பட்டறை வைத்திருந்த அப்பா நிறைய யோசித்துத்தான் வாய் திறந்தார். "ஜெயிச்சா போ சாமி, நான் தடுக்கல. இல்லீன்னா இந்தப் பேச்ச இத்தோட உட்டுப்போட்டுப் பட்டறையப் பாரு." அக்கா சரி என்றாள். அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எடையைக் குறைக்க அவள் பட்ட பாட்டில் அவளைவிட அம்மாதான் அதிகம் மெலிந்தாள் என்று சொல்வேன். அம்மாவுக்குப் பேச்சைவிடக் கரண்டிதான் கைவந்த பாஷை. கோபம் வந்தால் குழம்பில் காரம் ஏறும், சந்தோஷம் வந்தால் இனிப்பாக ஒப்பிட்டுப் போளி சுடுவாள். அப்படிப்பட்டவளின் எதிரே மகள் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போனாள். சோற்றுச் சட்டியை மூடி வைக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

இந்த நிலைமையில்தான் மாஸ்டர் போன் செய்தார். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தனியாக வருகிறாள், ராத்திரி தங்க நம்பிக்கையான வீடு வேண்டும் என்றார். அவள்தான் அக்காவின் எதிராளி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காக இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பெண், கூச்ச சுபாவம், பெரியவர்கள் உட்காரச் சொன்னால்தான் உட்காருவாள். வந்தவுடன் எடையைப் பற்றி நான் கேட்டேன். கொஞ்சம் குறைவாகவே இருப்பதாகவும், அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாள்.

அளவு என்ற சொல்லுக்கு அம்மாவின் அடுக்களையில் இடமில்லை. மகளுக்குப் போட முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்தப் பெண்ணின் இலையில் போட்டாள். இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும், அதன்மேல் நாட்டுக்கோழிக் குழம்பு, பிறகு அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, அது மறையும்படி நெய். "போதும்மா, வயிறு ரொம்பிடுச்சிம்மா" என்று அவள் இலையின் மேல் கையை விரித்தாள். அம்மா விரலிடுக்கில் ஊற்றினாள். "வளர்ற புள்ள, இதென்ன கோழி கொறிக்கிறாப்ல? உண்ணு சாமி!" அக்கா கூடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நாக்கில் ஒரு துண்டு ஐஸ்கட்டியை வைத்தபடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் யாருக்கும் தவறாக ஒன்றும் தோன்றவில்லை. வந்தவரைத் திணறத் திணறச் சாப்பிட வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை.

மறுநாள் காலை தராசு அவள் எடையை முக்கால் கிலோ கூடுதலாகக் காட்டியது. ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். மண்டபத்து வாசலில், வாழைமரம் கட்டிய பந்தலைச் சுற்றி, அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினாள். அக்காவும் கூடவே ஓடினாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பட்டினி கிடந்த உடம்பில் மிச்சமிருந்த தெம்பை ஏன் இப்படிச் செலவழிக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஏறியபோதும் கால் கிலோ கூடுதலாக இடித்தது. அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விதி எளிமையானது. அக்கா சம்மதித்தால் சண்டை நடக்கும். சம்மதிக்காவிட்டால் அக்கா ஜெயித்ததாக அறிவிப்பார்கள். மாஸ்டர் அக்காவின் பக்கம் குனிந்து, "நீ வேண்டாம்னு சொன்னாப் போதும் அம்முணி, பெங்களூருக்குப் பொட்டி கட்டிரலாம்" என்றார். அதற்குள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ஏனுங்க, அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. நாந்தானுங்க போதும் போதும்னவள உண்ண வெச்சேன்" என்று எடை பார்த்தவரிடம் கை கூப்பினாள்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள், பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். "எங்க ஊட்டுச் சோத்தப் போட்டுப்போட்டு, அதையே சாக்கா வெச்சு ஜெயிக்கச் சொல்றீங்களா மாஸ்டர்? நான் சண்டை போடறேனுங்க" என்றாள். அப்பா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மணமேடை இருந்த இடத்தில் சண்டைக்கான கம்பிக்கூண்டு நின்றது. அன்று நடந்த மற்றச் சண்டைகளை இன்றும் டீக்கடையில் பேசுவார்கள். ஓமலூரிலிருந்து வந்த மாமனும் மச்சானும் குலுக்கலில் ஒருவருக்கொருவர் அமைந்துவிட, "நீங்க வாங்க", "இல்ல, நீங்க வாங்க" என்று வட்டம் சுற்றி நடுவரிடம் திட்டு வாங்கினார்கள். போர்வெல் வண்டியில் வேலை செய்த ஒருவர், தன்னைவிட ஒரு முழம் உயரமானவரைப் பின்னாலிருந்து கட்டிச் சாய்த்து, கழுத்தை இறுக்கி ஜெயித்தார். விதி தெரியாத ஜனங்கள் "பாவமுங்க, உட்டுருங்க!" என்று அவரிடமே கெஞ்சினார்கள்.

அக்காவின் சண்டை மூன்றாவது சுற்று வரை போனது. முதல் சுற்றில் எதிராளியை இரண்டு முறை தூக்கிப் போட்டாள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சுற்றில் அக்காவின் கால்கள் தளர்ந்தன. மூன்றாவதில் எதிராளியின் காலைப் பிடிக்கக் குனிந்து பாய்ந்தவள் தலையை நிமிர்த்தி வைக்க மறந்தாள். அவள் கழுத்து அந்தப் பெண்ணின் கக்கத்துக்குள் போனது. தட்ட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கை மேலே எழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தட்டினாள்.

அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை, அக்காவும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. ஆத்தூர்ப் பெண் பெங்களூர் போனாள். அக்கா பட்டறையைப் பார்த்தாள், பிறகு ஓமலூரில் வாழ்க்கைப்பட்டாள். இப்போது அங்கே ஒரு பயிற்சிக்கூடத்தில் சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கால் கிலோவை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஒரு முறை அம்மா காதில் விழும்படியே சொல்லிவிட்டேன். அக்கா என் மேல் பாய்ந்தாள். "சோத்தால ஒண்ணுமில்ல. என்ற கழுத்த நானே கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றாள். அம்மா அதை நம்பவில்லை.

நம்பவில்லை என்பது பந்தியில் தெரிந்தது. அந்தப் போட்டிக்குப் பிறகு அம்மா யாருக்கும் கேட்காமல் பரிமாறுவதில்லை. கரண்டியைச் சட்டியின் மேல் நிறுத்தி, "போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு நிற்பாள். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால், வேண்டாமென்று சொல்லிவிடு என்றுதான் அர்த்தம். வயதாக வயதாகக் கை சுருங்கிவிட்டது என்று சொந்தக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அம்மா கேட்பதை நிறுத்தவில்லை.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அம்மா அவள் இலைக்கு முன்னால் வந்து, வழக்கம்போலக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "சோறு போடட்டுமா கண்ணு?" என்றாள். அம்மா இன்னொரு தடவை கேட்டாள். அக்கா எட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியோடு தன் இலையின் மேல் கவிழ்த்தாள்.

"கேக்காமப் போடும்மா" என்றாள்.