துரைசாமியின் நாவலை நான் பாஸ் செய்தேன்

நண்பர் எழுதிய நாவல் மோசம் என்று தெரிந்தே, பிரமாதம் என்று சொன்னவன் நான். தாட்சண்யத்தால் அல்ல... அது தோற்கட்டும் என்றுதான் சொன்னேன்!

உங்களிடம் மறைப்பானேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பொறுப்பாளன். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் தேடி, குறையின்மேல் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் பிழைப்பு. நான் தலையாட்டாமல் ஒரு பீஸும் பேக்கிங்குக்குப் போகாது. பத்திரிகைகளுக்கு நகைச்சுவையும் எழுதுவேன். சிரித்தவர் எவரையும் இதுவரை சந்தித்ததில்லை.

துரைசாமி அங்கே கட்டிங் மாஸ்டர். எண்பதுகளின் கடைசியில், வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரிகை அதிபர் ஒருவரைப் பற்றிச் சரித்திர நாவல் எழுதி, காகிதக் கட்டோடு மண்ணரைப் பகுதியிலிருந்த என் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க, நீங்க பாஸுன்னு சொன்னாத்தானுங்க அச்சுக்குக் குடுப்பேன். ஓட்டை இருந்தா தயங்காம ஸ்டிக்கர் ஒட்டிப்போடுங்க."

ஓட்டையா! அதிபர் தன் மனைவியிடம் காப்பி கேட்பதற்கே சொற்பொழிவு ஆற்றினார். அச்சகத்தைச் சோதனையிட வந்த இன்ஸ்பெக்டர், அவர் பேச்சைக் கேட்டுத் தேம்பியபடி திரும்பிப் போனார். கதை முடியும்வரை அதிபரின் விரலில் ஒரு பொட்டு மை ஒட்டவில்லை. ஸ்டிக்கர்ச் சுருளைக் கையில் எடுத்தேன்...

அப்போதுதான் அதிபரின் அச்சகத்துப் புரூஃப் ரீடர் கண்ணில் பட்டான். பாக்கு மெல்லுவான். பென்சிலால் காது குடைவான். எல்லோரையும் கேலி பேசிவிட்டு, ரகசியமாகப் போலீசுக்கு உளவு சொல்வான். நாவலில் உயிரோடிருந்த ஒரே ஆள் அவன்தான்!

நானும் பாக்கு மெல்லுவேன். பென்சில்... இதை எழுதும்போதும் காதில்தான் இருக்கிறது.

முதலாளியிடம் கோள் சொல்பவன் நான் என்று துரைசாமி நினைக்கிறாரா? ஓரிரு முறை சொன்னதுண்டு... அது வேறு வாக்குமூலம். இப்போது வேண்டாம்.

சுருளை உள்ளே வைத்தேன். "ஒரு குறை இல்லீங்க மாஸ்டர். அச்சுக்குக் குடுங்க" என்றேன்.

வெளியீட்டு விழாவில், வந்திருந்த பேச்சாளர் இன்ஸ்பெக்டர் அழும் பகுதியை உரக்க வாசித்தார். மண்டபமே சிரித்தது. துரைசாமி மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் முதல் கம்பெனியில், "ஏனுங்க அதிபரே, துணி வெட்டலாங்களா, இல்ல சொற்பொழிவுங்களா?" என்றார்கள். நானும்தான் சிரித்தேன்!

பொறுக்காமல் ஒருநாள் பேக்கரியில் கேட்டேன்: "அந்தப் புரூஃப் ரீடரு யாருங்க மாஸ்டர்?"

"அதுங்களா? எங்க மாமனாருங்க."

நம்புவதா? அவர் மாமனாரைப் பார்த்திருக்கிறேன். வாயில் ஒரு பல் கிடையாது. பாக்கை இடித்துப் போட்டுக்கொள்வார்தான்... ஆனாலும் காது குடைவாரா?

சில ஆண்டுகள் துரைசாமி எதுவும் எழுதவில்லை. போன வாரம் இன்னொரு கட்டோடு வந்தார்.

"ஊரே சிரிச்சப்ப, நல்லாருக்குன்னு சொன்னது நீங்க ஒருத்தர் தானுங்க. இதையும் நீங்க பாத்தாப் போதும்."

தெரியாமல் சொன்னாரா? எல்லாம் தெரிந்தே சொன்னாரா? அந்த முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை.

இந்தமுறையாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கட்டைப் பிரித்தேன். பாதி தாண்டிவிட்டேன். நாவல் நன்றாயிருக்கிறதா என்று நீங்கள் கேட்டால்... தெரியாது. பக்கம் பக்கமாக என்னையே தேடிக்கொண்டிருக்கிறேன்.