படத்தின் மூலையில் நின்ற கப்பல்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே நானும் கணவரும் சிறிய விடுதி நடத்துகிறோம். சண்டை மறுபடி தொடங்கியபின் தொண்டு நிறுவன ஆட்கள்தான் வருகிறார்கள். அவர்கள் இணையத்தளத்தைப் பார்த்தே அறை கேட்பதால், அதை நாங்களே புதுப்பிக்க ஒரு மென்பொருள் தேடினோம். இரண்டு பரீட்சார்த்தமாகக் கிடைத்தன. முதலாவதில் ஏற்றும் படம் உடனே வெளியாகும். மற்றதில் இன்னொருவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். எனக்கு முதலாவதுதான் பிடித்தது. ஒரு படம் போட இவரிடம் அனுமதி கேட்பதா?

மேல்மாடியில் நின்று நான் எடுத்த விடியற்காலைக் கடலின் படத்தை முதலாவதில் ஏற்றினேன். தொலைபேசி இணைப்பு பாதியில் அறுந்தது. திட்டிக்கொண்டே, இணைப்பு திரும்ப வந்ததும் அதை மற்றதில் ஏற்றிவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போனேன்.

சற்று நேரத்தில், சம்மதத்துக்காக வந்த படத்தைப் பார்த்துவிட்டு அவர் கூப்பிட்டார். "இஞ்ச வாரும். மூலையில நிக்கிறது என்ன?"

கடற்படைக் கப்பல். துறைமுகத்தைப் படமெடுப்பதே தடை. தினமும் பார்த்த கப்பல் என்பதால் என் கண்ணில் படவேயில்லை.

"உடன வெளியாகிறதிலயும் போட்டனான்" என்றேன். அவசரமாகத் திறந்து பார்த்தோம். படம் போய்ச் சேரவில்லை. நான் திட்டிய இணைப்புத்தான் எங்களைக் காப்பாற்றியிருந்தது.

இரண்டாவதையே வாங்கினோம். இப்போது என் படத்தை அவர் பார்க்கிறார், அவருடையதை நான் பார்க்கிறேன். தளத்தில் கட்டில், கதிரை, நண்டுக்கறி மட்டும்தான்.

"இவ்வளவு வடிவான கடலை ஏன் போடேல்லை?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அதை இஞ்ச வந்துதான் பாக்கவேணும்" என்று யன்னலைத் திறந்துவிடுவேன்.