இரண்டு டி

ஜில்லா முழுக்கத் தனியார் பால் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். அப்படி முளைத்த ஒன்றின் சித்தூர் ஆபீஸில் எனக்கு வேலை. எந்த ஊரில் எவ்வளவு பால், எந்த டேங்கர் எங்கே போக வேண்டும் என்ற ரிப்போர்ட்டைத் தினமும் விடியற்காலையில் அனுப்பும் சர்வர் ஒன்று அங்கே இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்.

தீயோ வெள்ளமோ வந்தாலும் ரிப்போர்ட் நிற்கக் கூடாது என்று மேலிடத்தில் தோன்றியது. திருப்பதி ஆபீஸில் இன்னொரு மெஷின் வாங்கினார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு இன்ஜினியர்கள் இருந்தார்கள். அந்த மெஷின் சரியாக ஓடினால் சித்தூர் அறையை மூடிவிடுவோம், உனக்கும் வேலை இருக்காது என்று மேனேஜர் நேராகவே சொன்னார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார். தீயும் வெள்ளமும் வருவதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டது.

சோதனை நாளன்று திருப்பதி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பிள்ளைத்தாச்சியான என் மனைவி வாசல் வரை வந்தாள்.

"அங்க போயி வாய வுடாத. சும்மா குந்திக்கினு வந்துடு."

சரி என்றேன்.

சோதனையின் விதி இதுதான்: சித்தூர் சர்வர் எரிந்துபோய்விட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது. அது பாட்டுக்கு அங்கே நல்லபடியாக அணைந்து கிடந்தது. திருப்பதி மெஷினில் ரிப்போர்ட்டுகள் எல்லாம் வந்து இறங்கியிருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. திறக்க ஒரு சாவி ஃபைல் வேண்டும். ஃபைல் இருந்தது, அதன் பாஸ்வேர்ட்தான் யாருக்கும் தெரியவில்லை. அதை வைத்தவர் எனக்கு முன்னால் சித்தூரில் இருந்தவர், என் ஊர்க்காரர், துபாய்க்குப் போய்விட்டார். மேனேஜர் அவருக்குப் போன் போட்டார். "எங்க ஊரு பேருதான் சார், எல்லாம் சின்ன எழுத்து" என்று அவர் சொன்னதும் லைன் கட்டானது. அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

எங்கள் ஊர் பிச்சாட்டூர், ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம். "எங்களுக்குத் தெரியாதா" என்று இன்ஜினியர்கள் இருவரும் தெலுங்கில் சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்கவில்லை. தெலுங்கில் அந்த ஊருக்கு ஒற்றை 'ட'தான், கடைசியில் ஓர் உகரமும் உண்டு. அதனால் ஆங்கிலத்திலும் pichatur என்று ஒரே டி போட்டார்கள். கடைசியில் ஒரு யூ வைத்துப் பார்த்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள். "ராலேது சார்" என்றார்கள். வரவில்லை.

எங்கள் ஊர்த் தமிழர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டு டி போடுவார்கள். நாக்கு அப்படித்தான் அழுத்துகிறது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள வரலன்னா இந்த மெஷினே வேணாம். சித்தூரே ஓடட்டும்" என்றார் மேனேஜர்.

என் மேலிருந்த பாரம் இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அப்போது இளையவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "இதி பிச்சாடூரு காது சார், பிச்சி டூரு." தெலுங்கில் காது என்றால் இல்லை, பிச்சி என்றால் பைத்தியம். எங்கள் ஊரைப் பைத்தியக்கார டூர் ஆக்கிவிட்டான். மேனேஜரும் சிரித்தார்.

"ரெண்டு டி!" என்று கத்தினேன். "ஊரு பேர ஒழுங்கா அட்ரா! ரெண்டு டி!"

அவன் அடித்தான். ரிப்போர்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். மேனேஜர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கி, ரொம்ப நன்றி என்றார். எனக்கு அழுகை வந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு எழுத்துக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வேலை தேடிச் சென்னைக்கு வந்தோம். மகள் அங்கேதான் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றிய பெண், அப்பாவின் சொந்த ஊர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஒரே ஒரு டிதான் அடித்தாள். "சரியா இருக்கா சார்?" என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

மனைவி குழந்தையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள்.

சரியாக இருக்கிறது என்றேன்.