பத்து மணிக்குத் திறந்த பெட்டிக்கடை

எல்லையில் சண்டை முடிந்த அந்த வருஷம் மலையாள மண்ணிலிருக்கும் எங்கள் சாலைக் கடைவீதித் தமிழ் வியாபாரிகளுக்கு தேசபக்தி தலைக்கேறியிருந்தது. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பையன் ஒருவன் அந்தச் சண்டையில் இறந்துபோயிருந்தான். அவன் மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். பிஸ்கட், மிட்டாய் மொத்த வியாபாரம் செய்யும் என்னையும் கூப்பிட்டார்கள். வீதியில் கடை நடத்தும் பெண் நான் ஒருத்திதான்.

முதலில் தையல் மெஷின் என்றார்கள். ஏற்கெனவே யார் யாரோ கொடுத்த இரண்டு மெஷின்கள் அவள் வீட்டில் பிரிக்காமல் கிடந்தன. அவளுக்குத் தைக்கவே தெரியாது. அவளிடமே கேளுங்களேன் என்று நான் தொண்டை வறளக் கத்திய பிறகுதான் கேட்டார்கள். கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை போதும் என்றாள். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துச் சாவியைக் கொடுத்தோம். போட்டோவில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. செயலாளர் முழுசாக விழுந்திருந்தார்.

மூன்று மாதம் ஆகவில்லை, அந்தச் செயலாளர் என் கடைக்கு வந்து நின்றார். பழமண்டிக்காரர்.

"எக்கா, அந்தப் பிள்ளை பத்து மணிக்குத்தான் கடை தொறக்கா. ஆபீசுக்குப் போற கூட்டம் அதுக்குள்ள போயிரும். பின்ன என்னத்துக்குக் கடை? வேற குடும்பத்துக்குக் குடுத்திரலாம். ஞாயித்துக்கிழம தீர்மானம் போடணும்."

எனக்கும் கோபம் வந்தது, அவள் மேல்தான். இத்தனை பேர் அலைந்து வாங்கிக் கொடுத்ததை இப்படியா பாழாக்குவாள்? மத்தியானமே நேரில் போய்க் கேட்டேன்.

"காலைல நேரத்தோட தொறக்க என்ன கேடு ஒனக்கு?"

"ஏழு மணிக்கே சரக்கெடுக்க வந்துருதேன் எக்கா. போணி ஆகலன்னு நிக்க வைக்காவ. நான் தாலி அறுத்தவ இல்லியா? வேற ஆள் வந்து மொத யாவாரம் ஆன பெறவுதான் எனக்குத் தருவாவ. பழமண்டில ஒரு மணிக்கூர், சோடாக்கடைல அர மணிக்கூர்."

"என் கடைக்கு நேரா வரக் கூடாதா?"

"வந்தேனே. சில்லற இல்ல, பெறவு வான்னு சொன்னிய. நாலஞ்சு தடவ."

சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட யோசித்துச் சொல்லவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவள் முகத்தைப் பார்த்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன், என்னையும் சேர்த்து.

"அது வேற, இது வேற எக்கா. யாவாரம்னா ஐஸ்வரியம் பாக்கணும்லா," என்றார் செயலாளர்.

"மேடைல அவ பக்கத்துல நின்னு போட்டோ பிடிச்சப்பம் ஐஸ்வரியம் எங்க போச்சு வே?"

கத்திக் கத்தி, கடைசியில் ஒரு மாசத் தவணை வாங்கினேன். அதற்குள் அவள் காலைக் கூட்டத்தைப் பிடிக்காவிட்டால் கடை போய்விடும்.

மறுநாள் ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். விழிஞ்ஞத்து வாடிக்கைக்காரர் ஒருவர் முதலில் வந்தார். கொஞ்சம் நில்லும் என்றேன். அவர் விழித்தார். அவள் எதிர்ச்சாரியில், பூட்டிய கடையொன்றின் முன்னால் பையோடு நின்றிருந்தாள். கையசைத்துக் கூப்பிட்டேன். வரவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அவரு வாங்கட்டும் எக்கா. எனக்கு நின்னு பழகிப்போச்சு. ஒங்களுக்கு யாவாரம் நல்லா நடக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையை விட்டிறங்கி, ரோட்டைக் கடந்து, அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வீதியே வேடிக்கை பார்த்தது. முதல் போணியாக அவளிடம் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டபோது என் கண் தானாகச் சுவரிலிருந்த சாமி படத்துக்குப் போனது. அவ்வளவு சண்டை போட்ட எனக்கே உள்ளுக்குள் பயம் இருந்தது. அதை அவளும் பார்த்தாள்.