ருவைஸ் கேம்ப்பில் சொன்ன பிளேக் கதை

வளைகுடாவில் ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை மும்முரமாக நடந்த நாட்களில் எங்கள் கேம்ப்பில் அம்மை பரவியது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள் அவை. வரலாற்றில் பி.ஏ. முடித்த நான் அங்கே பைப் ஃபிட்டருக்கு ஹெல்பர். அம்மை கண்டவர்களைக் கம்பெனிக்காரர்கள் மூலை அறைகளில் போட்டு வெளியே பூட்டினார்கள். சாப்பாடு ஜன்னல் வழியே போனது. டாக்டர் வரவில்லை. படுத்தவர்களின் வேலையும் எங்கள் தலையில் விழுந்தது.

என் ரூமில் அரியலூர்க்கார வெல்டர் அண்ணன் இருந்தார். பூட்டிய அறையில் கிடந்தவர்களில் அவருடைய தம்பியும் ஒருவன். ஒருநாள் சாப்பிடும்போது திடீரென்று கேட்டார்.

"நீ படிச்சவன்தானே? அந்தக் காலத்துல இப்படி நோய் வந்தா என்னடா பண்ணாங்க?"

ஐரோப்பாவில் பிளேக் வந்த கதையைச் சொன்னேன். ஊர் ஊராகச் செத்து விழுந்தார்கள். பிரபுக்களின் நிலத்தில் கதிர் அறுக்க ஆளில்லை. பிழைத்த கூலிக்காரர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். பழைய கூலிக்கே வரவேண்டும் என்று இங்கிலாந்து ராஜா சட்டம் போட்டார்.

"வந்தாங்களா?"

"நிறையப் பேர் வரலண்ணே. கூடக் குடுக்குற இடத்துக்குப் போயிட்டாங்க."

அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தார். "அவங்களுக்குப் புரிஞ்சது நமக்குப் புரியலயே. இப்ப ஆளு இல்லாம தவிக்கிறது யாரு? கம்பெனிதானே!"

அன்றிரவே ரூம் ரூமாகப் போய்ப் பேசினார். காலையில் பஸ் வந்தது. ஒருவரும் ஏறவில்லை.

"யல்லா, யல்லா! கிளம்பு!" என்று கத்திக்கொண்டு வந்தார் சூப்பர்வைசர். "டியூட்டிக்கு வராதவன் விசா கேன்சல்!"

அண்ணன் அசையவில்லை.

"முதல்ல டாக்டர், பாய். பூட்டைத் திற. அப்புறம் டியூட்டி" என்று அரைகுறை இந்தியில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாரையும் அனுப்பிட்டா பிளான்ட்ட யாரு ஓட வைப்பாங்கன்னு இந்தில கேளுடா" என்றார்.

கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். வெயில் ஏறுவதற்குள் டாக்டர் வந்தார். பூட்டு திறந்தது. வெளிறிப்போய்க் கிடந்த தம்பியை அண்ணன் கையில் தாங்கி வெளியே கொண்டுவந்தார். பிறகுதான் நாங்கள் பஸ் ஏறினோம்.

ஷட்டவுன் வேலை முடிந்ததும் அண்ணனின் விசாவை மட்டும் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே கத்தாருக்கு விசா வாங்கிப் போய்விட்டார். ஒருநாள் போன் செய்தார்.

"எப்படிண்ணே இருக்கு கேம்ப்?"

"காலை நீட்டிப் படுக்க எடமில்ல. தண்ணி உப்பு. இன்னைக்குத்தான் ஆளுங்ககிட்டப் பேச ஆரம்பிச்சிருக்கேன்."